பூஜை போட்ட உலையில் டைட்டானியம்

என் மதினிக்கு டைட்டானியம் என்ற பேரைக் கேட்டாலே ஆகாது. தாராவியில் அவள் நடத்தும் லேத் பட்டறைக்கு ஸ்டீல் வரும், பித்தளை வரும், அலுமினியம் வரும். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். டைட்டானியம் மட்டும் கேட்காது. கடையும்போது பிறக்கிற சூடு உலோகத்துக்குள் பரவாமல் வெட்டுகிற முனையிலேயே தங்கிவிடும், முனை மழுங்கிப் போகும். சீவல் சுருள் சுருளாக வந்து கருவியைச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் அசந்தால் அந்தச் சீவல் தீப்பிடித்தும் எரியும்.

“ஏட்டி, ஒன் லேப்ல வேற ஒண்ணும் கெடைக்கலையா? காலைல போட்ட டிப்பு மத்தியானத்துக்குள்ள மழுங்கிட்டு நிக்கி. இது எனக்குன்னு பொறந்த எதிரி” என்பாள்.

நான் சிரித்துக்கொண்டே அடுத்த ராடை நீட்டுவேன். வைதுகொண்டே வாங்கிக்கொள்வாள். வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல முடியாத நிலைமை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், குடியிருப்பது சுனாபட்டியில். என் அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறான், வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். பட்டறை முழுக்க முழுக்க மதினியின் பொறுப்பு. அவளோடு மூன்று பெண்கள் லேத் ஓட்டுகிறார்கள். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்பது முடிவாகிவிட்டது. ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்து, சுவரில் எண் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மதினி வடாலாவில் ஒரு காலா பார்த்து வைத்திருந்தாள். சின்னத் தொழிற்கூட அறைகளுக்கு பம்பாயில் அதுதான் பெயர். பொங்கல் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் நிலையான ஆர்டர் ஒன்று கையில் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? ஆர்டர் வராவிட்டால் லேத்துகளை விற்றுவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அந்தப் பெண்களிடமும் ஒளிக்கவில்லை.

“பொங்கலுக்கு மேல என்னைய நம்பிக்கிட்டு இருக்காதிய. வேற எடம் பாத்து வச்சிக்கிடுங்க” என்று அவள் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். மூன்று பேரும் போய் மிஷினைப் போட்டார்கள்.

அப்போது வந்ததுதான் டைட்டானியம். உடைந்த எலும்பைப் பொருத்தும் ஸ்குரூ செய்கிற ஒரு கம்பெனி, எங்கள் லேபில் நான் செய்துகொண்டிருந்த ராடைப் பார்த்து ஆசைப்பட்டது. சுத்தமான டைட்டானியம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் பலம் போதாது. பலத்துக்காக வேறு உலோகங்களைச் சேர்த்தால், அவை உடம்புக்குள் கசியுமோ என்ற கவலை. நான் எதையும் சேர்க்காமலே பலம் ஏற்றியிருந்தேன். ராடை ஒரு வளைந்த துளை வழியாக அமுக்கி, திருப்பி, மறுபடியும் அமுக்கினால் உள்ளே இருக்கிற படிகங்கள் நொறுங்கி நொறுங்கிச் சின்னதாகும். சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்குச் சின்னதாகும். சின்னதானால் பலம்.

“அது எப்படிட்டி? பொடிப் பொடியா நொறுங்கினா ஒடையத்தானே செய்யும்?” என்று மதினி கேட்டாள்.

“நொறுங்கலை மதினி. உள்ள நெறைய சுவர் எழும்புது. இப்ப நம்ம சந்துல ஒருத்தன் ஓடுதான்னு வைங்க. அடிக்கு ஒரு சுவர் இருந்தா அவனால ஓட முடியுமா? முட்டிக்கிட்டு நிப்பான். ஒரு உலோகம் வளையுதுன்னா அதுக்குள்ள ஒரு கோளாறு அப்படி ஓடுதுன்னு அர்த்தம். படிகம் சின்னதா இருந்தா சுவர் அதிகம், ஓட முடியாது.”

“அப்ப சூடு பண்ணினா?”

“அதுதான் வம்பு. சூட்டுல சுவரெல்லாம் கரைஞ்சு நாலு ரூமு ஒரே ரூமா ஆயிரும். பலம் போயிரும்.”

“சின்னச் சின்ன வீட்டையெல்லாம் இடிச்சிட்டுப் பெருசா ஒண்ணு கட்டுதாவளே, அந்த மாதிரின்னு சொல்லு” என்று மதினி சுவரில் இருந்த எண்ணைக் காட்டினாள். பட்டறையே சிரித்தது. இத்தனை வருஷத்தில் என் ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக நானே யாருக்கும் சொன்னதில்லை.

கம்பெனியின் நிபந்தனையும் அந்த வம்பில்தான் வந்து நின்றது. ஸ்குரூவின் மேல் எலும்பு நன்றாகப் பிடித்துக்கொள்வதற்காக ஒரு பூச்சு பூசுவார்கள். பூசி, சூளையில் வைத்துச் சுட்டு, மறுபடி பூசி, மறுபடி சுடுவார்கள். அத்தனையும் முடிந்த பிறகும் பலம் குறையக் கூடாது. ராடை முதலில் நானே சூட்டில் சோதித்து எது தாங்கும் என்று சொல்ல வேண்டும், அந்த ராடில் மதினி ஸ்குரூ கடைந்து தர வேண்டும், அவர்கள் பூசிச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் ஆர்டர் மதினிக்கு. தாங்காவிட்டால் அவர்கள் பழையபடி கலப்பு உலோகத்துக்கே போய்விடுவார்கள். அதைக் கடைய அவர்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னிடம் இரண்டு வகை ராடு இருந்தது. ஒன்றை அமுக்கியதோடு விடாமல், குளிர்ச்சியிலேயே இழுத்து இழுத்து மெல்லிசாக்கியிருந்தேன். கடினத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்கு ‘முரடன்’ என்று பெயர் வைத்திருந்தேன். இன்னொன்றை அமுக்கி, கொஞ்சமே இழுத்து, பிறகு மிதமான சூட்டில் சற்று நேரம் இளைப்பாற விட்டது. அது என் பேராசிரியரின் யோசனை. கடினம் முரடனை விட ஒரு படி குறைவு. அதற்குப் பெயர் ‘சாது’. நான் முரடன் கட்சி. இவ்வளவு பாடுபட்டுப் பலத்தை ஏற்றிவிட்டு, அதில் கொஞ்சத்தை நாமே இறக்குவானேன்? பேராசிரியரோ மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் அவசரப்படாதவர். “ரெண்டையும் போட்டுப் பாரேன். என்ன கெட்டுப்போச்சு?” என்றார். சரி, அவர் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று இரண்டையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன்.

சொல்லி வைத்தாற்போல் எங்கள் லேபின் உலையில் கம்பிச்சுருள் அறுந்தது. பண்டிகை நேரம், ரிப்பேருக்கு ஆள் வரவில்லை. மதினியின் பட்டறையில் கருவிகளைப் பதப்படுத்துகிற சின்ன மின்சார உலை ஒன்று உண்டு. பழையது, தானாக அணைகிற வசதியெல்லாம் கிடையாது. ஆனால் வைத்த சூட்டில் அசையாமல் நிற்கும். முரடனிலும் சாதுவிலும் சின்ன வில்லைகள் வெட்டி, அடையாளத்துக்கு முரடனில் ஒரு கீறலும் சாதுவில் இரண்டு கீறலும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆயுத பூஜை.

போன நேரம் பட்டறையைக் கழுவி விட்டிருந்தார்கள். லேத்துகளை எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார்கள். உலையை நானூறு டிகிரிக்கு ஏற்றி, வில்லைகளை உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுப்பது என் திட்டம். மதினி என்னைச் சும்மா உட்கார விடுவாளா?

“சும்மாத்தானே இருக்க. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயி கதம்பமும் வாழக்கன்னும் வாங்கிட்டு வந்துரு. இங்கன எல்லாம் வாடின பூவா கெடக்கு.”

“போறேன். ஆனா மதினி, நான் வர்ற வரைக்கும் அந்த உலையில ஒரு பட்டன்லயும் யாரும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“வைக்க மாட்டோம் தாயி. போயிட்டு ஜல்தி வா.”

ஆயுத பூஜை அன்று மாட்டுங்கா மார்க்கெட்டுக்குள் போய்விட்டு நேரத்தோடு வெளியே வர முடியும் என்று நம்பிய என்னை என்னவென்று சொல்வது! தள்ளுமுள்ளு. பூக்காரர் எதிரில் கை நீட்டிக் கத்திக் கத்தித் தொண்டை போனது. வெளியே வந்தால் டாக்ஸிக்காரன் எவனும் வாழைக்கன்றை ஏற்ற மாட்டேன் என்கிறான். சயான் பக்கம் வண்டி ஊர்ந்தது. நான் வியர்த்து வடிந்து பட்டறைக்குள் நுழைந்தபோது சாம்பிராணிப் புகை, எல்லார் நெற்றியிலும் சந்தனம், கையில் பொரி. பூஜை முடிந்திருந்தது.

“நீ வரக் காணோம். நல்ல நேரம் போயிரும்னு இருந்த பூவ வச்சு முடிச்சிட்டோம்” என்றாள் மதினி.

நான் உலையைப் பார்த்தேன். கதவில் சந்தனம், சுவிட்சில் குங்குமம், மேலே மாலை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முள் நானூற்றில் நின்றது.

“ஐயோ மதினி, ஒரு மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சே! அணைச்சிருக்க வேண்டியதுதானே!”

“நீதானட்டி பட்டன்ல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போன?”

சரி, இப்போதாவது எடுப்போம் என்று உலைக்கு அருகே போனால், குறுக்கே வந்து நின்றுவிட்டாள். பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலையில் மறுபூஜை போட்ட பிறகுதான் தொட வேண்டும். அந்தப் பட்டறையில் அது எழுதாத சட்டம். ஸ்பானரைக்கூட எடுக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“இது வெளையாட்டு இல்ல மதினி! இதுக்கு மேல எங்கிட்ட ராடு இல்ல. ராத்திரி பூரா வெந்தா ரெண்டும் வெண்ணெயாப் போயிரும். ஒங்க ஆர்டருக்குத்தானே இவ்வளவு பாடும்? எனக்கு என்ன வந்துச்சு!”

“எனக்குத்தான்னு எனக்குத் தெரியாதா?” அவள் குரல் தாழ்ந்தது. “இந்த எடத்துல போடுத கடைசி ஆயுத பூசை இது. இந்த மூணு பேரு கும்பிட்டுட்டு நிக்காவ. அவுக முன்னாடி நான் போயி பூசை போட்டத அணைச்சேன்னா, நாளைக்கு ஆர்டர் வராட்டா அதனாலதான்னு காலத்துக்கும் மனசு அடிச்சுக்கிடும். ஒனக்கு இது மூட நம்பிக்கை. இருந்துட்டுப் போகட்டும். நான் மேல மாடிலதான் படுத்திருப்பேன், உலையப் பாத்துக்கிடுதேன். நீ பொரி தின்னு.”

பொரியாவது ஒன்றாவது. அந்த மூன்று பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் உலையைப் பார்த்தேன். மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவைத் திறக்கக் கை பரபரத்தது. திறக்கவில்லை. வாழைக்கன்றைச் சுவரில் சாய்த்துவிட்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் பேராசிரியருக்குப் போன் போட்டு ஒரு மூச்சு புலம்பித் தீர்த்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “ஆனது ஆயிடுத்து. நாளைக்கு எடுத்துண்டு வா, அளந்து பாப்போம். அளக்காம எதுக்கு அழறே?” என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார் என்று அவர் மேலும் எரிச்சல்பட்டேன்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து உலையைத் திறந்தார்கள். வெள்ளி நிறத்தில் வைத்த வில்லைகள் பொன்னும் ஊதாவும் நீலமுமாக மாறியிருந்தன. டைட்டானியத்தைக் காற்றில் சூடாக்கினால் மேலே மெல்லிய ஆடை படிந்து அப்படித்தான் நிறம் காட்டும். மதினி ஒன்றை உள்ளங்கையில் வைத்து, “மூக்குத்தி செய்யலாம் போல இருக்கே” என்றாள். நான் அதையும் வாங்கிப் பொட்டலம் கட்டினேன். அவளோடு பேசக்கூடாது என்று வைராக்கியம்.

லேபில் வில்லைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வைர முனையை அழுத்திப் பதிவைப் பார்த்தேன். பதிவு பெரிதாக விழுந்தால் உலோகம் மெத்தாகிவிட்டது என்று அர்த்தம். முரடனில் பதிவு அகலமாக விழுந்தது. நினைத்ததுதான், என் செல்லப்பிள்ளை வெண்ணெயாகிக் கிடந்தது. சாதுவை வைத்தேன். சின்னப் பதிவு. பக்கத்தில் அழுத்தினேன், அதே சின்னப் பதிவு. வில்லையை மாற்றி வைத்துவிட்டேனோ என்று திருப்பிப் பார்த்தேன். இரண்டு கீறல் சுத்தமாகத் தெரிந்தது. உலைக்குப் போகும் முன் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நானூறு டிகிரியில் ஒரு பகல் பாதி, ஓர் இரவு முழுக்க வெந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது சாது.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது எனக்கு விஷயம் புரிந்தது. முரடனுக்குள் புதிதாகப் பெரிய பெரிய படிகங்கள் முளைத்து, பழைய சின்னவற்றைத் தின்று தீர்த்திருந்தன. அதை நான் இழுத்த இழுப்பில் உள்ளே சிக்கலும் முறுக்குமாக ஏராளமான இறுக்கம் சேர்ந்திருந்தது. அதன் பலத்தில் பாதி அந்த இறுக்கம்தான். சூடு கிடைத்ததும் அந்த இறுக்கமே சுவர்களை நகர்த்தித் தள்ளிவிட்டது. சாதுவிலோ, மிதமான சூட்டில் இளைப்பாறியபோதே சிக்கல்கள் அவிழ்ந்து சுவரோடு சுவராகச் சேர்ந்து அடங்கிவிட்டிருந்தன. சுவர்கள் தெளிவாக, ஒழுங்காக, அதே சின்ன அளவில் நின்றன. அவற்றைத் தள்ளிவிட உள்ளே ஆத்திரம் எதுவும் மிச்சமில்லை. படிகம் சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, அதன் சுவர் எப்படிப்பட்டது என்பதில்தான் சூட்டைத் தாங்குகிற சங்கதி இருக்கிறது என்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

எங்கள் உலை சரியானதும், இரண்டு வகையிலும் புதிதாகச் சின்ன ராடு ஒவ்வொன்று செய்து வில்லை வெட்டி, நான் முதலில் போட்ட திட்டப்படி ஒரே ஒரு மணி நேரச் சோதனையையும் செய்தேன். செய்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் முரடனும் தாங்கியது! கொஞ்சம் இறங்கினாலும் சாதுவுக்கு மேலேதான் நின்றது. அன்றைக்கு நான் நேரத்தோடு திரும்பி வந்திருந்தால், முரடன்தான் ஜெயித்தது என்று மார்தட்டிக்கொண்டு அதையே மதினியிடம் கொடுத்திருப்பேன். கம்பெனியின் சூளையில் மறுபடி மறுபடி வெந்து அது கவிழ்ந்திருக்கும்.

வைராக்கியத்தைக் குப்பையில் போட்டுவிட்டு நேரே தாராவிக்குப் போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைக் காரியத்தை விட்டுவிட்டு முழுவதும் கேட்டாள்.

“அப்ப நான் செஞ்சது சரிங்குத?”

“நீங்க செஞ்சது தப்புதான் மதினி. ஆனா நல்ல தப்பு.”

“ஆமா, நீ ஒண்ணும் விட்டுக் குடுக்காத” என்று என் தலையில் குட்டினாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரங்களில் லேபில் ராடை அமுக்குகிற பிரஸ்ஸை ஓய விடாமல் சாது ராடுகள் செய்தேன். மதினியும் அந்த மூன்று பேரும் ஸ்குரூ கடைந்தார்கள். முனை தேய்ந்தது, வசவு விழுந்தது, எண்ணெய் தண்ணீராய் ஓடியது. சூடேறினால் நான் ஏற்றிய பலம் அத்தனையும் பாழ் என்று தெரிந்து, மதினி மிஷினை மெதுவாக ஓட்டி, கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கடைந்தாள். ஸ்குரூக்களைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பது மாதிரி கொடுமை வேறு இல்லை. மதினி ஒரு நாளும் என்னிடம் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மூன்று பேரில் ஒருத்தி, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாஹிமில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கேட்டுவிட்டு வந்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நல்லது, கெடைச்சா போயிரு” என்று மதினி அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

மார்கழி முடியப் போகிற ஒரு முற்பகல் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. எல்லாச் சுடுதலும் முடிந்து இழுத்தும் முறுக்கியும் பார்த்தார்களாம். பலம் குறையவில்லை, ஆர்டர் உறுதி. பட்டறையின் விலாசத்தைக் கேட்டார்கள். எந்த விலாசத்தைச் சொல்வது என்று ஒரு கணம் திணறினேன். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டு ஓடினேன். போனில் சொல்லலாம்தான். எனக்கு மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் மூன்று லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்குக் காதில் விழவில்லை. அவள் காதருகே போய்ச் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். விளையாடவில்லை என்று தெரிந்ததும் கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

நான் அண்ணனுக்குச் சேதி சொல்லப் போனை எடுத்தேன். மதினி தடுத்தாள். “அவுகளுக்கு அப்புறம் சொல்லுவோம்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். மூன்று லேத்தும் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

“ஆர்டர் வந்துட்டு. பொங்கல் கழிச்சு நாம வடாலாவுக்குப் போறோம். நாமன்னா எல்லாரும்தான். யாரும் எங்கனயும் வேலைக்குப் போக வேண்டாம்” என்றாள் மதினி.

தையல் கம்பெனிக்குப் போய்வந்தவள் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

“மாஹிம்ல ஏறினா வடாலாவுக்கு நேரா வண்டி இருக்காக்கா?” என்று கேட்டாள்.